ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம்; அதாவது ஒருத்தி ஓடிக்கொண்டும் மற்ற இருவர் துரத்திக்கொண்டும் நலமாக இருக்கிறோம். நீயும் அத்தானும் இதைவிட அமைதியாக நலமாயிருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் அழ ஆரம்பித்துவிடுவாய், நான் நடுவில் மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சேதி: ஓடிக்கொண்டிருக்கும் என் மகளுக்கு, நம் பம்பரத்துக்கு, பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. என் சம்பளத்துக்குள் அடங்குகிற கட்டணம். நீ சொன்ன அதே பள்ளிக்கூடம். உன் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்த டீச்சரின் கையில் ஊசியைக் குத்திக்கொண்டே, "உங்க ஸ்கூல்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களைச் சேர்த்துக்குவாங்களா?" என்று விசாரித்தாயாமே! அந்த அம்மா வலி தாங்காமல்தான் விலாசம் கொடுத்திருப்பார் என்கிறாள் என் மனைவி. எப்படிக் கொடுத்தால் என்ன, உன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்.

"ஒரு ஸ்கூல் கிடைக்க எட்டு மாசமாடா?" என்று கேட்டாயே, அந்தக் கூத்தைக் கேள். முதல் பள்ளிக்கூடத்தில் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்ப்போம் என்றார்கள். ஏழு தடவை எழுந்தாள், எட்டாவது தடவை எழுந்தபோது மேசை மேலிருந்த மணி நான்கு துண்டாக அவள் கையில் இருந்தது. இரண்டாவது இடத்தில் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் கூடவே ஒரு தனி ஆள் போட வேண்டும் என்றார்கள்; அந்த ஆளின் சம்பளம் என் சம்பளத்தைவிட அதிகம், நானே அந்த வேலைக்கு வரட்டுமா என்று கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது இடத்தில் பரீட்சைத் தாளைப் பார்த்ததும் பயந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள், சமாதானம் சொல்ல நானும் நுழைந்தேன், அவள் வெளியே வந்துவிட்டாள், நான் வரவில்லை. தச்சர் வரும்வரை, "அப்பா, மூச்சை மெதுவா விடுங்க, நான் எண்ணுறேன்" என்று டாக்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் செய்துகொண்டிருந்தாள். அன்று வீடு திரும்பும்போது, "எல்லா ஸ்கூலும் வேண்டாம்னு சொல்லிட்டா நான் எங்கப்பா போவேன்?" என்று கேட்டாள். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன் அக்கா.

மிச்சமிருந்தது நீ சொன்ன பள்ளிக்கூடம் ஒன்றுதான். டாக்டரின் அறிக்கையைப் பழுப்பு உறையில் போட்டுவைத்தேன். அதே காலையில், எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சோதித்து நான் எழுதிய ரிப்போர்ட்டை அந்த மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு பழுப்பு உறை. என் மறதிதான் உனக்குத் தெரியுமே! கல்யாணத்தன்று தாலியை ஸ்க்ரூ டப்பாவில் வைத்துவிட்டுத் தேடியவன்.

தலைமையாசிரியை அம்மா உறையைப் பிரித்தார். பம்பரம் வழக்கம்போல மேசைக்கு அடியில். அந்த அம்மா படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "முதலாவது எப்படி இருக்கு?" என்றார். "எங்களுக்கு ஒண்ணுதான் மேடம்" என்றேன். தாளை மடித்து வைத்துவிட்டு நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்து மகளைக் கூப்பிடப் போனேன். "விடுங்க, இழுக்காதீங்க. அவளா வருவா" என்றார். அரை மணி நேரம்! எனக்குத்தான் வேர்த்துக்கொட்டியது. கடைசியில் அவளே எழுந்து வந்து, "உங்க மேசை ஒரு பக்கம் ஆடுது, நான் பேப்பர் மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். "அப்படியா, ரொம்ப நாளா ஆடிட்டிருந்தது. திங்கட்கிழமை வந்துடு" என்றார் அந்த அம்மா. நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு நாள் கழித்து அந்த லிஃப்ட் கட்டடத்து மேனேஜர் போன் செய்தார். "இருபது வருஷமா மெக்கானிக்குங்களைப் பார்க்கிறேன், இப்படி யாரும் எழுதினதில்லை" என்றார். முதல் பக்கம் யாருக்குப் புரியப்போகிறது என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டாராம். அதில் இருந்தது: சத்தம் போட்டு அதட்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும். அடிக்கடி சிறு ஓய்வு தேவை. நன்றாகச் செய்தால் பாராட்டவும். அதை லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டாராம்! பொத்தானைப் பத்துத் தடவை குத்துகிறவர்கள் இப்போது ஒரு தடவைதான் தொடுகிறார்களாம், காவலாளி மேலே போய்ச் சேர்ந்ததும் கதவைத் தட்டிக்கொடுக்கிறாராம், லிஃப்ட் நடுவில் நிற்கவே இல்லையாம்.

உறை மாறிப்போயிருக்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது. கிடைத்த இடம் பறிபோகப்போகிறது என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அந்த அம்மா சிரித்தார். "'இரண்டாவது எண், எட்டு வருடம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. கதவு மூடிக்கொண்டால் இழுக்கக் கூடாது, காத்திருந்தால் தானே திறக்கும். பாரம் கூடினால் நடுங்கும்.' இந்த வரி வரைக்கும் பிள்ளையைப் பத்தின்னுதான் நினைச்சேன். 'ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது'ன்னு வந்ததும்தான் சந்தேகம் வந்தது. ஒரு லிஃப்டையே இவ்வளவு பொறுமையாப் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு நாங்களும் கொஞ்சம் பொறுமையா இருக்கலாமேன்னு தோணுச்சு. டாக்டர் பேப்பரையும் கொண்டுவாங்க, அதையும் படிக்கணும்" என்றார். லிஃப்டிலிருந்து உரித்து, ஒட்டிய பசையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கிடைத்த இடம் அப்படியே இருக்கிறது, போகவில்லை.

என் மறதிக்கு இதுவரை எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். முதன்முறையாக அதற்கு ஒரு கும்பிடு போடுகிறேன். உனக்கு இரண்டு. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் மறதிக்காரத் தம்பி

பின்குறிப்பு: என் மறதியைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பசை தேடி உள்ளே போய் வருவதற்குள் பம்பரம் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "நீங்க மறக்கலைப்பா. நான்தான் உறையை மாத்தினேன்" என்கிறாள். ஏம்மா என்றேன். "டாக்டர் பேப்பர்ல 'கோளாறு' பதினோரு தடவை இருக்கு. எண்ணினேன். உங்க பேப்பர்ல ஒரே தடவைதான், பக்கத்துலயே 'சரியாகிவிடும்'னும் இருக்கு. கடைசியில, 'உள்ளே எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம்'னு எழுதியிருந்தீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது." ஒரு பக்கம்கூட உட்கார்ந்து படிக்காது என்று மூன்று பள்ளிக்கூடங்கள் சொன்ன பிள்ளை, இரண்டு ரிப்போர்ட்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறது அக்கா. உறைக்குள் இருப்பது இந்தக் கடிதம்தானா என்று பார்த்துக்கொள். ஒட்டப்போவது அவள்.