மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

பகுத்தறிவு என்பது பல்வலி வரும்வரைதான். எனக்கு அது மேல் கடைவாயில் வந்தது.

அப்போது தாம்பரத்தை அடுத்த ஒரு தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் வேலை. டிப்ளமா படித்தவள் அல்லவா, வலியையும் முறைப்படி ஆராய்ந்தேன். உப்புத் தண்ணீர்: வாய் கரித்தது, வலி அப்படியே. லவங்க எண்ணெய்: பல் கொஞ்சம் மரத்தது (நாக்கும் சேர்ந்துதான், மேலதிகாரியைத் "தார்" என்று கூப்பிட்டேன்). மாத்திரை: தூக்கம் வந்தது, டிராயிங் போர்டு மேலேயே. கன்னம் மட்டும் பன் போல உப்பிக்கொண்டே போனது.

பக்கத்து மேஜை மெர்சி அக்கா எச்சரித்தார். "பிடுங்க மட்டும் பிடுங்காதே. மேல் பல்லு நரம்பு நேரா கண்ணுக்குப் போகுது. எங்க சர்ச்ல ஒருத்தருக்குப் பல்லும் போச்சு, பார்வையும் போச்சு."

"அவருக்கு என்ன வயசுக்கா?"

"எண்பது இருக்கும். அதுக்கென்ன?"

சிரித்தேன். ஆனால் நான் கோடு போட்டுப் பிழைப்பவள். கண் போனால் வேலையும் போகும்.

அக்காவே துணைக்கு வந்தார். ஸ்டேஷன் பக்கத்துப் பல் டாக்டர், வேரில் சீழ் கட்டியிருக்கிறது என்றார். "துளை போட்டுச் சீழை வடியவிட்டு, வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம். பல தடவை வரணும். இந்தப் பல்லு அதுவரைக்கும் தாங்குமான்னு சந்தேகம். இல்லேன்னா பிடுங்கிடலாம்."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே, டாக்டர்?"

"பல்லு வேற, கண்ணு வேற. வாயைத் திறங்க."

கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். ஊசி, குறடு, மளுக். முடிந்ததும் எனக்கு ஒரே ஆசை: அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும். டாக்டர் முகம் கழுவப் போயிருந்தார். தட்டிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல்லை மூக்கருகே பிடித்து ஆராய்ந்தேன். வேர் நுனியில் ஒட்டியிருந்த குட்டிச் சீழ்ப்பை வரை என்ன தெளிவு! மெய்ம்மறந்து வெளியே வந்தேன்.

தெருவைக் காணோம். பஸ் ஒரு சிவப்புக் கறை. ஸ்டேஷன் போர்டு ஒரு மஞ்சள் கறை. வாசலில் காத்திருந்த அக்கா வெறும் குரலாக இருந்தார்.

"கம்மு போச்சுக்கா!" என்று அலறினேன், வாய் நிறையப் பஞ்சோடு.

"கம்மலா? எங்கடி விழுந்துது?" அக்கா குனிந்து தரையைத் தேடினார்.

"கம்மு! கம்மு!" கண்ணைக் காட்டி அழுதேன்.

புரிந்ததும் அக்கா என் தலையில் கை வைத்து, நடுத்தெருவிலேயே, "ஆண்டவரே, இவ பார்வையைத் திருப்பிக் கொடும்!" என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கூடியது. சைக்கிள்கள் நின்றன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு டாக்டரின் கம்பவுண்டர் ஓடிவந்தார்.

"யம்மோவ்! டாக்டர் கண்ணாடிய மாட்டிகினு எங்கம்மா போற? உள்ள ஒருத்தர் வாயத் தொறந்துகினு கீறாரு. டாக்டருக்குப் பல்லு எங்க கீதுன்னே தெரியல!"

இரண்டுமே கறுப்பு பிரேம். அவருடையது கிட்டத்தில் படிக்கும் கண்ணாடி. எனக்கோ தூரத்தில் இருப்பதுதான் தெரியாது. என்னுடையதை மாட்டியதும் தாம்பரம் முழுசாகத் திரும்பி வந்தது.

அக்கா அடுத்த ஞாயிறே, ஜெபத்தால் என் பார்வை திரும்பியது என்று சர்ச்சில் சாட்சி சொல்லிவிட்டார். அதிலிருந்து, பல் பிடுங்கப் போகிறவர்கள் முதலில் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். நான் கண்ணாடி மாறிய கதையைச் சொல்கிறேன். அவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டு, என் கண்ணையே பார்க்கிறார்கள். அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்குள் ஓடிவிடுவாள்.

"கண்ணாடியைப் பத்தியும் சொல்லியிருக்கலாமேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்பவுண்டரை அனுப்பினது யாருன்னு நினைக்கிறே?" என்று வானத்தைக் காட்டினார் அக்கா.