வலப்பாதி சுகம்

உரும்பிராய்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தர்சினிக்கு, அம்மா பாலேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முகத்தின் வலப்பாதியும் சுகம். இடப்பாதியின் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டியிருக்கிறேன். லண்டனில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் முழுமுகத்தோடு சுகமாயிருக்க அவர் அருள்வாராக.

மூன்று கிழமையாகக் கமெராவை மூடிவிட்டுக் கதைக்கிறேன், போன் பழுதோ என்று கேட்கிறாய். போனுக்கு ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம் தபாற்கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவள் நான். வாயால் பொய் சொல்லலாம், எழுத வராது.

பங்குனியில் நீ, "அம்மா, முகம் நல்லா வத்திப்போச்சு" என்றாய். சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய், நான் அன்று முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால். பிறகு நீர்வேலியில் தயாளினி என்ற பிள்ளையிடம் போனேன். தையல் கடைக்குப் பின்னால் சீலை கட்டி மறைத்த அறை, சுவரில் மூன்று நாள் படிப்பின் சேட்டிபிக்கற், கன்னத்தை உப்பவைக்கிற ஊசிமருந்து பிரிஜ்ஜில் யோகட்டுக்குப் பக்கத்தில். நீ டொக்டரோ பிள்ளை என்று கேட்டேன். "டொக்டர்மாருக்கு உது தெரியாது அன்ரி" என்றாள். அதைக் கேட்டும் படுத்தேனே, விதி ஆரை விட்டது! இரண்டு தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் ஊசி ஏறினதும் கன்னம் நீலம் பாரிச்சு, இடக்கண் இருட்டிப்போச்சு. அவள் ஐஸ் வைச்சாள், பிறகு அழத் தொடங்கினாள். நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லி, ஒற்றைக்கண்ணோடை ஏரம்புவின்ரை ஓட்டோவிலை ஆசுபத்திரிக்குப் போனது. மருந்து இரத்தக்குழாயை அடைச்சுப்போட்டுதாம். இன்னும் பிந்தியிருந்தால் கண் போயிருக்கும், மூளைக்கு ஏறியிருந்தால் ஆளே முடிஞ்சிருக்கும் என்று டொக்டர் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கு என்று ஏசினார். பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சாமத்தியவீட்டுப் படத்துக்கு என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் பண்டத்தரிப்புப் பிள்ளை ஒன்று, இருபத்துநாலு வயது. கலியாணத்துக்கு வெள்ளையாக வேணுமென்று அதே தயாளினியிடம் சேலைனோடு வெளுக்கிற மருந்து ஏற்றினதாம். "உங்களுக்கு வீக்கம் வத்துது அம்மம்மா" என்று எனக்குச் சொன்ன பிள்ளை, மூன்றாம் நாள் செத்துப்போச்சு. தங்கச்சிக்கும் கலியாணம் பேச வேணுமென்று வீட்டார் காய்ச்சல் என்றே சொல்லிச் செத்தவீட்டை முடிச்சினம். வாய் திறக்க மிச்சம் நான் ஒருத்திதான். சுகாதாரப் பரிசோதகருக்கு முறைப்பாடு எழுதி, இன்று காலை கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். இனி அந்த இடத்துக்குச் சீல் விழும். நீயும் அங்கே கண்ட இடத்தில் ஊசி போடாதே.

மருமகனுக்கு என் ஆசி, பேரப்பிள்ளைகளுக்கு வலக்கன்னத்தால் ஒரு கொஞ்சல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முறைப்பாடு இன்னும் மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு, கையெழுத்தும் வைக்கேல்லை. சாமத்தியவீட்டுப் படமும் பொய். அப்பா போய் ஏழு வருஷம். தயாளினிதான் என்ரை முகத்தை இரண்டு கையாலும் பிடிச்சு, "நோகுதோ அன்ரி" என்று கேட்டவள். அதுக்குத்தான் மூன்று தரம் போனனான். செத்த பிள்ளையின்ரை முகம் கண்ணுக்குள்ளையே நிக்குது, நாளைக்குக் கட்டாயம் கையெழுத்து வைப்பன். வைச்சாப்பிறகு என்ரை முகத்தைத் தொட இங்கை ஒருத்தரும் இல்லை. மார்கழி லீவுக்கு ஒருக்கா வரேலுமோ பிள்ளை?