அம்மாவின் தலை எந்தப் பக்கம்?

ஆக்ஸ்ஃபோர்டு,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

தங்கை வின்னி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் நலமா? நலமில்லாவிட்டாலும் இதைப் படித்த கையோடு எழுந்து பேனாவைத் தேடு.

வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டான். ஜூன் முடிவதற்குள் நான் வெளியேற வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னால் ஏழைக் கிழவிகளுக்காக உள்ள தர்ம வீடுகளில் ஒரே ஓர் அறை காலி. தேவாலயத்துக்கு உட்பட்ட நம் பங்கின் எல்லைக்குள் பிறந்த பெண்களுக்குத்தான் அது என்பது நானூறு வருஷச் சட்டம். நானும் கேட்டிருக்கிறேன், டாஃப்னி ஸ்கெல்டனும் கேட்டிருக்கிறாள். அவள் சும்மா இருப்பாளா? பாதிரியாரிடம் போய், "பங்கு எல்லை வின்னி வீட்டுக்கு உள்ளாலதானே ஓடுது? அவ எந்தப் பக்கம் பொறந்தாளோ, யார் கண்டா?" என்று மூட்டிவிட்டாள்.

எல்லைக் கல் நம் சமையலறைச் சுவரில் இருக்கிறதே, எனக்கு எட்டு வயதில், எல்லை ஊர்வலத்தில் கல்லில் முட்டுவதற்குப் பையன் ஒருவன் குறைகிறான் என்று டாஃப்னியின் அப்பா என்னைத் தலைகீழாகத் தூக்கி அதில்தான் என் தலையை முட்டினார், எல்லை மறக்கக் கூடாதாம். எல்லையையும் மறக்கவில்லை, அவரையும் மறக்கவில்லை.

நேற்று விண்ணேற்றத் திருநாள். வழக்கம்போல பங்கின் எல்லையைச் சுற்றிவரும் ஊர்வலம் கடைவீதியில் சைக்கிள்களை மறித்து, துணிக்கடைக்குள் புகுந்து, கல்லூரிச் சுவரோரமாக வந்து என் வீட்டுக்குள் நுழைந்தது. முப்பது பேர், ஆளுக்கொரு பிரம்பு. "எல்லை! எல்லை! எல்லை!" என்று கல்லை அடித்ததில் என் ஜாம் பாட்டில் இரண்டு போயின. மற்ற வருஷங்களில் அதோடு போய்விடுவார்கள், இந்த வருஷம் பாதிரியார் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார், கல்லுக்கு நேராக மாடி வரை நூல் பிடித்தார்கள், அம்மாவின் கட்டில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது, நூல் அதன் நட்டநடுவில் போயிற்று அக்கா! ஜன்னல் பக்கப் பாதி நம் பங்கு. கதவுப் பக்கப் பாதி அடுத்த பங்கு.

"ஜன்னல் பக்கம் நம்மதுதானே ஃபாதர்? அம்மா அங்கதான் தல வச்சுப் படுப்பாங்க!" என்றேன், அவசரக்காரி.

டாஃப்னி சிரித்தாள். "ஏன்டி, புள்ள தலைமாட்டுலயா பொறக்கும்? காலு கதவுப் பக்கம்னா நீ அந்தப் பக்கத்துக்காரி!"

முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "அன்னைக்கு மட்டும் மாத்திப் படுத்தாங்க!" என்று கத்திவிட்டேன்.

"யாரு பாத்தா?"

"எங்க எட்னா அக்கா. அவளுக்கு அப்போ ஆறு வயசு."

பாதிரியார் பெருமூச்சு விட்டார். "சரிம்மா, அவங்க எழுதிக் கொடுக்கட்டும். புதன்கிழமைக்குள்ள வரலைன்னா ரூம் டாஃப்னிக்கு."

ஆகவே நீ எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'வின்னி பிறந்த அன்று அம்மா கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தாள், என் கண்ணால் பார்த்தேன்.' ஒரு வரி கூட்டாதே, குறைக்காதே. எழுதினால், என் கல்யாணத்துக்கு மணப்பெண்ணைப் போல நீயும் வெள்ளை உடுத்தி வந்ததை மன்னித்துவிடுகிறேன்.

ஆண்டவர் உனக்கு நூறு வயதையும், இன்றே தபால்பெட்டி வரை நடக்கும் பலத்தையும் தரட்டும்.

அன்புத் தங்கை,
வின்னி

பி.கு.: தபால்தலை தேடித் தகர டப்பாவைக் கவிழ்த்தேன். தொலைந்துவிட்டது என்று பாதிரியாரிடம் சொல்லியிருந்த என் பிறப்புச் சான்றிதழ் விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறந்த இடம், ஆற்றுக்கு அக்கரையில், நம் பங்குக்கே வெளியே உள்ள பிரசவ ஆஸ்பத்திரி. ஆறு வயதில் உனக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எண்பத்திரண்டு வருஷம் என்னிடம் வாயைத் திறக்கவில்லையே, பாவி! இதைச் சாகும்வரை மறக்கமாட்டேன். மூடின வாயைப் புதன்கிழமை வரை மூடியே வை. கடிதத்தை மட்டும் எழுது.