என் ஏழு நாள் பிரஷர் கணக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கை டோரினுக்கு,

தோட்டத்து வீட்டிலிருந்து அண்ணன் மைக்கல்ராஜ் எழுதுவது. சி ரூசாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான் சாகவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், நடுவில் நீ அழுவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஃபர்சானா, "அங்கிள், பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. வீட்டுல காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பாத்து எழுதுங்க. 135க்குள்ள இருக்கணும் லா. ஏழு நாள் கழிச்சு புக்கோட வாங்க" என்றார். மகள் மிஷெல் பாரோயிலிருந்து மெஷின் வாங்கி வந்தாள். முதல் நாள் காலை 128, மாலை 132. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் நான். காலையில் ரப்பர் பால் எடைபோட்டு, பிறகு கட்டிப்பால் எடைபோட்டு, இரண்டையும் கூட்டி ஒரு நாள் கணக்கு எழுதியே பழக்கம். கை தானாகக் கூட்டிவிட்டது. 260! நம் பெரியண்ணன் 190-இலேயே வாய் கோணிப் படுத்தவர். உண்மையாகவே பயந்துபோனேன், டோரின். உப்பை விட்டேன், 258. காப்பியை விட்டேன், 254. உன் அண்ணி குளோரியாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதை விட்டேன், 251. ஐந்தாம் நாள் சவப்பெட்டிமேல் வைக்க நல்ல போட்டோ தேடினேன். கிடைத்ததில் எல்லாம் ஏற்கெனவே செத்தவன்போல் இருந்தேன். அன்றுதான் உனக்குப் போன் செய்து, முகம் பார்த்துவிட்டுப் போ என்றேன். ஆறாம் நாள், பகையோடு கர்த்தர்முன் போய் நிற்கக்கூடாது என்று, வேலித் தகராறில் எட்டு வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டு மணியத்திடம் போனேன். "மன்னிச்சிரு மணியம். எங்க பலா மரத்துல இருக்கறது பூரா நீயே எடுத்துக்க" என்றேன். அழுதான். பிறகு ஏணி கொண்டுவந்தான். ஐந்து பழமும் போயிற்று. முசாங் தின்றுவிட்டது என்று குளோரியா இன்றும் அந்தக் காட்டுப்பூனையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நீ வாய் திறந்துவிடாதே.

ஏழாம் நாள் புத்தகத்தைப் பார்த்த மிஸ்ஸி எழுந்தே நின்றுவிட்டார். "இந்த பிரஷர்ல எப்படி அங்கிள் மோட்டார் சைக்கிள் ஓட்டிட்டு வந்தீங்க?" பிறகு கூட்டலுக்கு மேலே இருந்த சின்ன எண்களைப் பார்த்தார். "ஐயோ, ரெண்டையும் கூட்டிட்டீங்களா? இது என்ன பாலா?" அங்கேயே பார்த்தார்கள்: 126. மாத்திரையே வேண்டாம், எழுதுவதை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கர்த்தர் உன் வீட்டைக் காப்பாராக. மாப்பிள்ளையையும் பிரஷர் பார்க்கச் சொல். கூட்ட வேண்டாம்.

நீ இன்னும் பல வருஷம் பார்க்கப்போகும் அண்ணன்,
மைக்கல்ராஜ்

பி.கு.: முகவரி எழுதச் சொல்லிக் கடிதத்தைக் குளோரியாவிடம் கொடுத்தேன். உறையை ஒட்டுமுன் படித்துவிட்டாள். எனக்கு இப்போது 174. கூட்டவில்லை.