திங்கட்கிழமை மௌனம்

மர வியாபாரி தளவாய் முதலாளியின் கார் கலாசாலை வாசலில் புகை கக்கி நின்றது. குத்தாலிங்கத்துக்குத் தொண்டை வரை வந்த "வாங்க, வாங்க" அங்கேயே நின்றுவிட்டது. அன்று திங்கட்கிழமை. மத்தியானப் பூஜை மணி அடிக்கும் வரை மௌனம்.

குற்றாலத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்தச் சைவக் கலாசாலையில் ஒழுக்க விதிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதிலும் மௌன விதி பொல்லாதது. உள்ளே இருப்பவர் யாரும் பேசக் கூடாது. எழுதிக் காட்டினால் அதுவும் பேச்சுத்தான். மாணவர்களை மேய்க்கும் கண்காணிப்பாளன் குத்தாலிங்கமே போன வாரம் இதில் வழுக்கி விழுந்தான். அருவிக்கரைக் குரங்கு ஒன்று வந்து வேட்டியைப் பிடித்து இழுக்க, "விடு சனியனே!" என்று கத்தித் தொலைத்துவிட்டான்.

தலைவர் பண்டிதர் ஆறுமுகநயினார், மணி அடித்த கையோடு கூப்பிட்டார்.

"குரங்குகிட்ட என்னவே பேச்சு?"

"வேட்டி போயிருக்கும் ஐயா."

"வேட்டி போனா வேற வாங்கலாம். விதி போனா? இன்னொரு தடவை வாயைத் தொறந்தீரு, சாயங்கால ரயில்ல ஊருக்குப் போவ வேண்டியதுதான்."

'காலேஜ் உத்தியோகம்' என்று சொல்லித்தான் குத்தாலிங்கம் பெண் கட்டியிருந்தான். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது?

சாரல் காலத்தில் கலாசாலைக் கூடம் ஒழுகு ஒழுகென்று ஒழுகியது. கூரைக்கு மரம் தருவது பற்றி நேரில் பார்த்துச் சொல்வதாக முதலாளி எழுதியிருந்தார். எல்லாம் கடிதப் பழக்கம்தான்; ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பண்டிதர் அவரை வரவேற்கத் தென்காசி ரயிலடிக்குப் போயிருக்க, மனிதர் செங்கோட்டையிலிருந்து காரிலேயே வந்து இறங்கிவிட்டார். டிரைவர் மூசா வண்டிக்குத் தண்ணீர் தேடிக் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

"பண்டிதர் எங்க தம்பி?"

குத்தாலிங்கம் தென்காசிப் பக்கம் கையை நீட்டினான். ரயிலடி என்பது விளங்க வேண்டுமே என்று, தலைக்கு மேலே குபுகுபுவென்று புகை போவதைக் காட்டினான்.

முதலாளி முகம் வெளுத்தது.

"புகையா? அடப்பாவமே! எரிச்சாச்சா?"

குத்தாலிங்கம் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினான்.

"எல்லாம் முடிஞ்சு போச்சா! போன வாரங்கூடக் கடுதாசி போட்டாரே!"

ஐயையோ! 'ஏன் தம்பி வாயைத் திறக்க மாட்டேங்கீங்க?' என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டால், உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிடலாம். கேட்டால்தானே!

சரி, பண்டிதர் திரும்பி வருவார் என்று காட்டுவோம். குத்தாலிங்கம் தொந்தியைத் தள்ளி, இடுப்பில் கையை ஊன்றி, பண்டிதரைப் போலவே வாசலிலிருந்து உள்ளே நடந்தான். மாணவர்கள் மூக்கால் சிரித்தார்கள். மூக்கால் சிரிப்பது பேச்சில் சேருமா என்று விதியில் இல்லை.

"ஆவியா நடமாடுதாரா?" முதலாளி பின்வாங்கினார்.

பேச்சை மாற்றுவோம் என்று குத்தாலிங்கம் அவரைக் கூடத்துக்குக் கூட்டிப்போனான். கூரையைக் காட்டி, மழை ஒழுகுவதை விரல்களால் முகத்துக்கு முன்னால் கொட்டிக் காட்டினான்.

"அழாதீங்க தம்பி." முதலாளி அவனைக் கட்டிக்கொண்டார். தானும் கண்ணைத் துடைத்து, பண்டிதரின் நாற்காலிக்கு முன்னால் கும்பிட்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பண்டிதர் வந்து சேர வேண்டும்? தொந்தி முன்னால் வர, இடுப்பில் கையோடு உள்ளே நுழைந்தார்.

"ஐயோ, ஆவி!" முதலாளி நாற்காலிக்குப் பின்னால் பாய்ந்தார்.

பண்டிதரும் விதிக்குள் வந்துவிட்டாரே! வாயைத் திறக்க முடியாமல் முழித்தார், மூச்சு வாங்கினார், குத்தாலிங்கத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நல்ல வேளையாக மணி அடித்தது.

"நான் ஆவி இல்ல! பண்டிதர்! உசுரோட இருக்கேன்!"

முதலாளி மெல்ல வந்து அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார். "மனுசன்தான்" என்று முணுமுணுத்தார்.

பண்டிதர் மன்னிப்பில் ஆரம்பித்து, மௌனத்தின் மகிமையை அருவி மாதிரி கொட்டினார். முதலாளி அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார், ஒரு கொட்டாவி விட்டார். குத்தாலிங்கத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

"மரமும் போச்சு, மானமும் போச்சு! பெட்டியைக் கட்டும்வே!"

"நான் வாயே தொறக்கலையே ஐயா!"

"தொறந்து தொலைச்சிருந்தாத் தேவலையே!"

குத்தாலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மூசா ஓடி வந்தான்.

"ஐயா, கூரைக்கு மரம் பூராவும் மொதலாளியே தாராகளாம். ஆனா பேச வேண்டியதெல்லாம் இந்தத் தம்பிதான் வந்து பேசணுமாம். அவுகளுக்குக் காது போயி இத்தனை வருசத்துல, வெளங்குத மாதிரி பேசுன ஒரே ஆளு இவருதானாம்!"