செஞ்சுபாப்பம் மாஸ்டரின் பிறைக்குழாய்

எங்கள் ஊரில் கடலுக்குப் பயப்படாத ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். செஞ்சுபாப்பம் மாஸ்டருக்குப் பயப்படாத உம்மா ஒருவர்கூட இருக்கவில்லை. அவர் தெருவில் வருகிறார் என்றால் பெண்கள் முதலில் விளக்குச் சிமினியைக் கழற்றி உள்ளே ஒளிப்பார்கள். பிறகுதான் முக்காட்டைச் சரிசெய்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஐம்பதுகளில் மருதமுனைக்கு மாற்றலாகி வந்தவர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் அனுப்பினார்கள். ஆனால் மழை ஏன் பெய்கிறது, காற்று எங்கே இருக்கிறது என்று எதைக் கேட்டாலும் ‘செஞ்சு பாப்பம்’ என்று எழும்பிவிடுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதில் ஒரு வருடம் முழுக்க அவரிடம் போனது. மிச்சம் இரண்டு வருடம் படித்தேன் என்று சொல்லலாம்.

சிமினிக் கதை இதுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி கொளுத்தி, மேலே கண்ணாடி ஒன்றைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும் என்றார். ஆளுக்கொரு சிமினி கொண்டுவரச் சொல்லி, மேல்வாயை மாவால் அடைத்தார். தண்ணீர் ஏறியது உண்மை. சிமினிகளும் ஒவ்வொன்றாக வெடித்தன. அன்று எங்கள் தெருவில் பாதி வீடு இருட்டு.

பிறகு காலியான பால் தகரப் பேணி இரண்டை நூலில் கட்டி ரெலிபோன் செய்தோம். ஒரு பேணி எங்கள் வகுப்பில், மற்றது ஜன்னல் வழியாக ஹெட்மாஸ்டரின் அறையில். பெரியவர் ஆசையாகக் காதில் வைத்தார். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் பேணியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பொய்ப்பல் தும்மும்போது எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரெலிபோன் நன்றாக வேலை செய்தது. அதுதான் பிழை.

சுற்றுலா என்று அவர் கூட்டிப்போனதெல்லாம் எங்கள் வீடுகளுக்கே. மருதமுனையில் நெசவு இல்லாத வீடு குறைவு. கஞ்சி போட்ட பாவு நூலை வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். ஒரு நாள் எங்கள் வாப்பாவின் பாவில் எத்தனை இழை இருக்கிறது என்று தொட்டுத் தொட்டு எண்ணச் சொன்னார். முப்பது பிள்ளைகள், அறுபது கை. இரண்டு நாள் வேலை குருவிக்கூடாகிப் போனது. என் வாப்பா அதிகம் கதைக்கிற ஆளில்லை. அன்று மட்டும் கதைத்தார்.

“மாஸ்டர், இனிப் படிப்பிக்கிறண்டா கடலக் காட்டிப் படிப்பியுங்க. அது சிக்காது.”

இந்த முறைப்பாடு பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்கார் காதுக்குப் போனது. பள்ளிக்கூட விஷயத்திலும் அவர் சொல்தான் செல்லும். இன்னுமொரு முறைப்பாடு வந்தால் மேலிடத்துக்கு எழுதி, யானை மட்டும் படிக்கிற ஊருக்கு மாற்றிவிடுவேன் என்றார். மாஸ்டரின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளை கிடைக்கும்வரைக்கும் இங்கேயே இருந்தால் போதும் என்று ஆள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். அவருக்குத் திறமையில்லாத ஒரே வேலை அதுதான். வகுப்பே தூங்கியது.

நோன்பு லீவு வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பன்று மனிதரால் பொறுக்க முடியவில்லை. மூங்கில் குழாயொன்றில் பழைய மூக்குக்கண்ணாடிச் சில்லையும் ஒரு பூதக்கண்ணாடியையும் பொருத்திவிட்டார். சில்லு ஆடியது. இடைவெளியில் அடைக்க எங்கள் வீட்டுத் தறியடியிலிருந்து கழிவுநூல் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள், காணாவிட்டால் முப்பதாம் நோன்பு. பிறை பார்க்கப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறை காண வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே வயல் பக்கம் போக வேண்டும். போனோம். வானம் முழுக்க மேக மப்பு.

மாஸ்டர் வரம்பில் குந்தியிருந்து ஈச்சம்பழம் கடித்து நோன்பு திறக்கும்போது, குழாயில் முதலில் கண்ணை வைத்தவன் நான். வெள்ளையாக, மெலிசாக, வளைந்து, அழகான பிறை. அடுத்தவன் பார்த்தான், அவனுக்கும் பிறை. எல்லாருக்கும் பிறை. மாஸ்டர் வாயில் பழத்தோடு நில்லுங்கடா என்று கத்தினார். யார் நின்றது? ஊருக்குள் ஓடிவிட்டார்கள். ஊரும் காத்திருந்ததுதானே. அரிசி இடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அவசரக்காரர் வீட்டுச் சேவல்கள் சில அந்தப் பத்து நிமிடத்தில் அறுபட்டு மௌத்தாகின.

வரம்பில் மிஞ்சியது நானும் என் வகுப்புப் பிள்ளை பாத்துமாவும் மாஸ்டரும்தான். பாத்துமா குழாயைக் கிழக்கே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், தென்னமரத்திலயும் பிறை இரிக்கி.”

அவர் வாங்கிப் பார்த்தார். வயலைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். மாட்டின் முதுகிலும் பிறை. விரலை உள்ளே விட்டு எங்கள் வீட்டு வெள்ளை நூல் இழை ஒன்றை இழுத்தெடுத்தார். சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். ஒரு வாத்தியார் ஓடுவதை அன்றுதான் கண்டேன். கொக்கு ஓடினால் அப்படித்தான் இருக்கும்.

பின்னாலேயே நாங்களும் ஓடினோம். பள்ளிவாசலில் நகரா முரசைச் சுற்றிச் சனம். அடிக்கிறவர் கம்பைக் கையில் எடுத்துவிட்டார். அதை அடித்தால் நாளைக்குப் பெருநாள். சின்னப் பிள்ளைகளின் சாட்சி செல்லாது, பெரிய ஆள் ஒருவர் கண்டதாகச் சொல்ல வேண்டும் என்று மரைக்கார் மறித்து வைத்திருந்தார். எல்லாரும் மாஸ்டரின் வாயைப் பார்த்தார்கள். ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள்.

“மாஸ்டர், பிறையக் கண்டீங்களா?” மரைக்கார் கேட்டார்.

“இல்ல. இது நூல்.” இழையை நீட்டினார்.

அரிசி இடித்தவர்களும் சேவல் அறுத்தவர்களும் முகம் கறுத்து நின்றார்கள். மரைக்கார் குரலைத் தணித்து, அவருக்கு ஒரு வழி காட்டினார்.

“புள்ளையள் புளுகிட்டாங்க எண்டு சொல்லுங்க. நாலு பேருக்கு ரெண்டு அடி போட்டா முடிஞ்சிது. ஒங்கட மனிசிய நினைச்சுக் கதையுங்க.”

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது.

“புள்ளையள் புளுகல்ல. குழாய்க்குள்ள என்ன தெரிஞ்சிச்சோ அதத்தான் சொன்னாங்க. அப்பிடித்தான் நான் படிப்பிச்ச. பிழை என்ட குழாய்ல. அடிக்கிறண்டா எனக்கு அடிங்க.”

யாரும் அடிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தார்கள், எழுதினார்கள். பெருநாள் கழிந்ததும் மாற்றக் கடிதம் வந்தது, காட்டுப்பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு. நிறைமாதப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று எங்கள் தெரு உம்மாமார் மறித்துக்கொண்டார்கள். சிமினி இல்லாமல் இருட்டில் இருந்த அதே பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். மாஸ்டர் தனியாக பஸ் ஏறினார்.

நான் சொல்ல வந்தது, அந்தப் பிறை இரவுக்கு மறுநாள் வந்த முப்பதாம் நோன்பைப் பற்றி. அன்று காலையில் ஊர் முழுக்க அவரைத் திட்டியபடிதான் நோன்போடு இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. யாரும் பிடிக்கச் சொல்லவுமில்லை. நானும் பாத்துமாவும் வரம்புக்கு வந்த மற்றப் பிள்ளைகளும் அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நோன்பு அல்லாஹ்வுக்கு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றில் மட்டும், நோன்பு நோற்கிறேன் என்று மனதுக்குள் நிய்யத்து வைக்கும்போது மாஸ்டரையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.