மூக்கால் முழங்கையைத் தாக்கியவர்

ஒழுக்கம் இல்லாமல் விளையாட்டு இல்லை என்பது எங்கள் கால்பந்துச் சங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. அதைப் பெரிய எழுத்தில் பலகையாகவே செய்து அலுவலக வாசலில் மாட்டியிருந்தார்கள். போன வருடம் ஓர் ஆட்டக்காரர் கோபத்தில் உதைத்ததில் பலகையின் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டது. அதிலிருந்து அது 'ஒழுக்கம் இல்லாமல் விளையாட்டு' என்ற அளவோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

அரையிறுதி ஆட்டத்தில் எங்கள் அணியின் நட்சத்திரம் பந்தைக் கையால் தட்டிக் கோல் போட்டார். அவரை நாங்கள் புல்லட் என்றுதான் கூப்பிடுவோம். கோல் செல்லாது என்று நடுவர் விசில் ஊதினார். புல்லட் நேராக நடுவரிடம் சென்று தன் தரப்பு விளக்கத்தை முழங்கையால் அளித்தார். நடுவரின் மூக்கு உடைந்தது. இதை நாற்பதாயிரம் பேர் கண்ணாரக் கண்டோம்.

மறுநாள் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு மிகுந்த கவலையோடு கூடியது.

"தடை கிடையெல்லாம் வேண்டாம்," என்றார் தலைவர். "புல்லட் இல்லாம இறுதி ஆட்டத்துக்கு யாருங்க வருவா? மன்னிப்புக் கடிதம் ஒண்ணு வாங்கி ஃபைல்ல போடுங்க."

கடிதத்தை அடிக்க வந்த தட்டச்சர் அம்மா, பத்தொன்பது வருடம் சிறைத்துறையின் கருணை மனுப் பிரிவில் இருந்துவிட்டு, போன மாதம்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். செயலாளர் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். "நடுவர் அவர்கள் என்னை மன்னித்துவிடும்படி வேண்டுகிறேன்" என்றுதான் செயலாளர் சொன்னார். பழகிய விரல்களோ, "நடுவர் அவர்களை நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்" என்று அடித்து முடித்துவிட்டன. புல்லட்டுக்கு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுத்தான் பழக்கம். சட்டை, பந்து, யாருடையதோ கால் மாவுக்கட்டு என்று எல்லாவற்றிலும் போட்டவர், இதிலும் போட்டார். பக்கத்தில் ஒரு இதயம் வேறு வரைந்தார்.

காலையில் எல்லாப் பத்திரிகையிலும் 'புல்லட்டின் பெரிய மனசு' என்று வந்துவிட்டது. தட்டச்சர் அம்மா பதறிக்கொண்டு செயலாளரிடம் ஓடினார்.

"சார், தப்பாயிடுச்சு. யார் யாரை மன்னிக்கிறதுங்கிறது மாறிப்போச்சு."

"பதிவு எண் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"அப்ப கடிதத்துல தப்பு இல்லம்மா. நடந்ததுலதான் தப்பு இருக்கு."

குழு மறுபடியும் கூடியது. கோப்பில் நடுவருக்கு மன்னிப்பு இருக்கிறது, அவர் செய்த குற்றம் இல்லை. குற்றம் இல்லாத மன்னிப்பை எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? ஆகவே குற்றத்தைத் தேடி ஆட்டத்தின் படத்தை ஏழு தடவை ஓட்டினார்கள். ஏழாவது தடவை கை தவறிப் பின்னோக்கி ஓடியபோதுதான் உண்மை விளங்கியது. நடுவரின் முகம் எங்கிருந்தோ வேகமாக வந்து, சும்மா இருந்த முழங்கைமேல் மூக்கால் மோதியது. தலைவர் பெருமூச்சு விட்டார், நடுவருக்கு ஆள் போனது.

"அந்த நேரத்துல உங்க மூக்கு அங்க என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"மூஞ்சியிலதான் சார் இருந்துச்சு," என்றார் நடுவர். மூக்கில் ஆறு தையல்.

"மூஞ்சி?"

"என்கூடத்தான் சார் இருந்துச்சு."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்கீங்க. எழுதிக்கோங்க."

நடுவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், இருபத்திரெண்டு வருஷமா ஊதுறேன். ஒரு இறுதி ஆட்டம்கூட கிடைச்சதில்ல. இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது. ஞாயித்துக்கிழமை ஆட்டம் என்னோடதுன்னு எழுத்துல கொடுத்திருக்கீங்க."

"இப்பவும் உங்களோடதுதான். ஆட்டத்துக்கு முன்னாடி மைக்ல ஒரு மன்னிப்பு. கேட்டா ஊதலாம். கேக்கலன்னா வேற ஆளு ஊதுவாரு."

இதற்குள் ஊரில் முழங்கைக் கட்டு பரவிவிட்டது. புல்லட் பாதிக்கப்பட்ட முழங்கையில் நீலத்துணி கட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும், ஆளுக்கொரு நீலத்துணி கட்டிக்கொண்டோம். வங்கி மேலாளர் கட்டினார். பல் டாக்டர் கட்டினார். குழுத் தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முழங்கையிலும் கட்டினார். நானும் கட்டினேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

நடுவரின் வீட்டில் மட்டும் யாரும் கட்டவில்லை.

"மூக்கு உடைஞ்சது உங்களுக்கு. நீங்க ஏங்க மன்னிப்பு கேக்கணும்?" என்றார் மனைவி.

"கேட்டாதான் ஊத விடுவாங்க."

"ஊதி?"

"அந்த ஒரு ஆட்டமாவது ஒழுங்கா நடக்கும்."

"சரி, மைக்கை மூக்குல இடிச்சுக்காதீங்க. தையல் பிரிஞ்சிடும்," என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் மைதானத்தின் நடுவில் நின்று, குழு எழுதிக் கொடுத்ததை வரி விடாமல் வாசித்தார். "எனது மூக்கின் அத்துமீறலால் முழங்கைக்கும் ரசிகப் பெருமக்களுக்கும் ஏற்பட்ட மனவேதனைக்கு நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன்." புல்லட் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மூக்கு வலித்திருக்க வேண்டும், நடுவருக்குக் கண்ணில் நீர் வந்தது. மனம் திருந்திவிட்டார் என்று நாங்களும் அழுதோம்.

கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது புல்லட் எகிறிப் பந்தைக் கையால் தட்டி உள்ளே போட்டார். போன தடவையைவிட இது பளிச்சென்று தெரிந்தது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். உடனே நாற்பதாயிரம் முழங்கைகள் ஒன்றாக மேலே எழுந்தன. அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலத்துணி. பிறகு நடுக்கோட்டை நோக்கிக் கையைக் காட்டி, கோல் என்று ஊதினார்.

இருபத்திரண்டு வருடம் காத்திருந்து அவர் ஊதிய விசில் அது. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே இருந்தது. ஆனால் கோல் எங்கள் அணிக்கு. அதனால் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பக்கத்து இருக்கைக்காரரும் துள்ளிக் குதித்தார், குதித்தவர் என் கால் கட்டைவிரல்மேல் இறங்கினார். உயிர் போய்விட்டு வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய முழங்கை என் மூக்குக்கு நேராக இருந்தது.

"மன்னிச்சிடுங்க சார்," என்றேன்.

"பரவாயில்ல," என்றார் அவர். "இனிமே காலைப் பார்த்து வைங்க."